வன்முறைக் குழுவில் ஒருவர் ஏன் போய்ச் சேருகிறார்? கொள்கையா, கூட்டாளியா?

#1 தெற்குக்காற்று

எந்த நாட்டில் குண்டு வெடித்தாலும் மறுநாள் நாம் கேட்பது மூன்று காரணங்களைத்தான்: ஏழ்மை, மூளைச்சலவை, மனநோய். அதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இந்த மூன்றும் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை என்றுதான் படுகிறது.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் நச்சைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். நச்சுப் பைகளைக் குடை முனையால் குத்திக் கிழித்த ஐந்து பேரில் ஒருவர் இக்குவோ ஹயாஷி, இதய மருத்துவர். மற்ற நால்வரும் அறிவியலோ பொறியியலோ படித்தவர்கள். பிழைக்க வழியில்லாமல் அங்கே போனவர்கள் இல்லை. பொருளியல் அறிஞர் ஆலன் குரூகர், ஜித்கா மலெச்கோவாவோடு சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வும் ஏழ்மைக்கும் பயங்கரவாதத்துக்கும் நேரடித் தொடர்பு பெரிதாக இல்லை என்றே சொல்கிறது. மனநோய் விஷயமும் அப்படித்தான். இந்தத் துறையின் மூத்த ஆய்வாளர் மார்த்தா கிரென்ஷா 1981இலேயே எழுதிவிட்டார்: இவர்களிடம் பொதுவாகத் தென்படுவது, இவர்கள் இயல்பான மனிதர்களாக இருப்பதுதான்.

சரி, அப்புறம் எதுதான் காரணம்? ஒரே அநியாயத்தை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். திட்டுகிறார்கள், அழுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஆயுதம் தூக்கிய கூட்டத்தைத் தேடிப் போகிறார். அந்த ஒருவருக்கு என்ன நடந்தது? அதைத்தான் பேச விரும்புகிறேன். எந்த மதத்தையும் கட்சியையும் திட்ட இந்த இழையைப் பயன்படுத்த வேண்டாம்.

#2 வெட்டவெளி

அநியாயத்தை அவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்டிவிடாதீர்கள். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் செத்தார்கள். அதன் பிறகு பிரிட்டனை எதிர்த்த ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழுவில் சேர வந்த இளைஞர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. 1983 ஜூலையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு முன்பு இலங்கையில் ஆயுதக் குழுக்கள் எல்லாமே சிறியவை. வீடுகள் எரிந்த பிறகு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் போனார்கள். கொள்கை விளக்கக் கூட்டம் கேட்டுவிட்டா போனார்கள்? நைஜீரியாவில் போகோ ஹராம் தலைவர் முகமது யூசுப் 2009இல் போலீஸ் காவலில் இருக்கும்போது கொல்லப்பட்டார். அந்தக் குழு அதோடு ஒழியவில்லை. முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது.

ஐநா வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட குழுக்களில் இருந்தவர்களையே நேரில் கண்டு பேசி 2017இல் ஓர் அறிக்கை கொண்டுவந்தது. கடைசியாக உங்களை அந்தப் பக்கம் தள்ளியது எது என்ற கேள்விக்கு 71 விழுக்காட்டினர் சொன்னது அரசின் செயலைத்தான். குடும்பத்தில் ஒருவரையோ நண்பரையோ கொன்றது, அல்லது பிடித்துக்கொண்டு போனது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

#3 ஓரத்து இருக்கை

ஏழ்மையையும் முழுசாகத் தள்ள முடியாது. அதே ஐநா அமைப்பின் 2023 அறிக்கையில், தாமாகப் போய்ச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் முதல் காரணமாகச் சொன்னது வேலை இல்லாததை. மதத்தைச் சொன்னவர்கள் 17 விழுக்காடுதான். ஒரு மருத்துவர் போனார் என்பதால் வேலையில்லாதவர் போகவில்லை என்று ஆகிவிடாது. கையில் காசு கொடுக்கிற ஒரே இடம் ஆயுதக் குழுதான் என்கிற பகுதிகள் இருக்கின்றன.

இன்னொன்று. கடத்திக்கொண்டு போய் ஆயுதம் கொடுக்கப்பட்ட குழந்தைகளை 'சேர்ந்தவர்கள்' கணக்கில் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அவர்கள் எங்கும் சேரவில்லை.

#4 தெற்குக்காற்று

குழந்தைகளைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. இந்த இழையில் தாமாகப் போனவர்களை மட்டும் பேசுவோம்.

வெட்டவெளி, நீங்கள் சொன்னதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் டெர்ரியில் அன்று ஊர்வலம் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். பெரும்பாலோர் எந்தக் குழுவிலும் சேரவில்லை. கோபம் அத்தனை பேருக்கும் இருந்தது. போனவர்கள் சிலர். அந்தச் சிலரைப் பிரித்துக் கூட்டிப்போனது யார், எது?

#5 பழையஏடு

யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த ஆள்தான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்க் சேஜ்மன் ஒரு மனநல மருத்துவர். முன்பு அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவில் இருந்தவர். அல் கொய்தா வலைப்பின்னலைச் சேர்ந்த 172 பேரின் வாழ்க்கை விவரங்களைத் திரட்டி 2004இல் எழுதினார். எங்கிருந்தோ ஒரு மாயக்காரன் வந்து அப்பாவி இளைஞனை மயக்கிக் கூட்டிப் போகிறான் என்பதுதானே நம் மனதில் உள்ள படம்? அவர் கண்டது நேர்மாறு. பெரும்பாலோர் நண்பர்கள் வழியாகவோ உறவினர் வழியாகவோ போயிருந்தார்கள். நாலைந்து பேர் முதலில் ஒன்றாகப் பழகுகிறார்கள். ஒருவரையொருவர் உசுப்பேற்றிக்கொள்கிறார்கள். அப்புறம் அந்த அமைப்பை இவர்களே தேடிப் போகிறார்கள்.

இது மதத்தின் பெயரால் நடக்கும் குழுக்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இத்தாலியச் சமூகவியலாளர் தொனதெல்லா தெல்லா போர்த்தா, 1970களில் அந்த நாட்டில் ஆயுதம் எடுத்த இடதுசாரிக் குழுக்களை ஆராய்ந்தவர். சேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல், உள்ளே ஏற்கெனவே ஒரு நண்பராவது இருந்தார் என்று அவர் கண்டார். கடவுளே இல்லை என்ற குழுவிலும் கடவுள் பெயரால் கொன்ற குழுவிலும் ஆள் சேர்ந்த விதம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது இரண்டு காகிதக் கட்டுகள்தாம். முதலாவது 2007இல் ஈராக்கின் சிஞ்சார் அருகே அமெரிக்கப் படையினருக்குக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த சுமார் 700 பேரைப் பற்றி ஈராக்கிலிருந்த அல் கொய்தா கிளை எழுதிவைத்திருந்த பதிவுகள். பெயர், ஊர், வந்த வழி, கொண்டுவந்த பணம் எல்லாம் இருந்தன. ஊர்வாரியாக எண்ணிப் பார்த்தபோது முதலில் நின்றது லிபியாவின் தெர்னா: 52 பேர். அடுத்தது ரியாத்: 51 பேர். ரியாத் பல லட்சம் பேர் வாழும் தலைநகரம். தெர்னாவில் அப்போது ஒரு லட்சம் பேர்கூட இல்லை. காரணம் ஏழ்மையோ மதமோ மட்டும் என்றால் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? அதே மதமும் அதே ஆட்சியும் லிபியாவின் மற்ற ஊர்களிலும் இருந்தனவே. தெர்னாவில் 1990களிலேயே கடாபி அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பழைய தொடர்புகள் அறுபடாமல் கிடந்தன. தொடர்பு இருக்கிற இடத்திலிருந்து ஆட்கள் கொத்துக் கொத்தாகப் போகிறார்கள்.

இரண்டாவது, சிரியாவிலும் ஈராக்கிலும் இயங்கிய ஐஎஸ் அமைப்பிலிருந்து 2016இல் கசிந்த நுழைவுப் படிவங்கள். நாலாயிரத்துக்கும் மேல். 23 கேள்விகள். ரத்த வகை என்ன, படிப்பு என்ன, இதற்கு முன் என்ன வேலை பார்த்தாய், போராளியாக வருகிறாயா தற்கொலைத் தாக்குதலுக்கா. ஏதோ அலுவலகத்தில் வேலைக்கு மனுப் போடுவது போலத்தான் இருக்கும். அதில் ஒரு கட்டம்: உன்னைப் பரிந்துரைத்தவர் யார்? தெரிந்தவர் ஒருவர் வழியாக வரவேண்டும் என்பது அந்த அமைப்புக்கே விதியாக இருந்தது. மார்க்க அறிவு எவ்வளவு என்ற கட்டத்தில் பத்துக்கு ஏழு பேர் 'அடிப்படை அளவு' என்றுதான் நிரப்பியிருந்தார்கள்.

2015 பிப்ரவரியில் லண்டனில் ஒரே பள்ளியில் படித்த மூன்று மாணவிகள் ஐஎஸ்ஸில் சேர சிரியாவுக்குப் போனார்கள். அவர்களுடைய தோழி ஒருத்தி 2014 டிசம்பரிலேயே போயிருந்தாள். இணையத்தில் பேசி இழுத்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் ஒரு தோழி போன பிறகு மற்றவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய நேரம் அந்த இரண்டு மாதம். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

#6 கூர்நோக்கு

பழையஏடு, தகவல்களுக்கு நன்றி. ஆனால் இந்தப் பேச்சு போகிற திசை எனக்குக் கவலையாக இருக்கிறது. நட்புதான் காரணம் என்றால் அந்த நாலைந்து பேரும் கால்பந்துக் குழு ஆரம்பித்திருக்கலாமே? ஏன் குண்டு செய்யப் போனார்கள்? நடுவில் ஒரு கொள்கை இருந்தது. 'அவர்களைக் கொல்லலாம், கொன்றால் பாவமில்லை, புண்ணியம்' என்று ஒருவர் எழுதிவைத்திருந்தார், இவர்கள் படித்தார்கள். அதை எழுதியவர்களை நாம் இப்படிப் பேசிப் பேசித் தப்பவிடுகிறோம்.

தனியாளாக வந்து கொல்கிறவர்களுக்கு உங்கள் பதில் என்ன? நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரே ஆள் 77 பேரைக் கொன்றான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று ஒரே ஆள் 51 பேரைக் கொன்றான். எந்த நண்பன் கூட்டிப்போனான்?

#7 பழையஏடு

கொள்கைக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. யாரைக் கொல்வது, ஏன் அது சரி, இவை இரண்டையும் கொள்கைதான் சொல்லித்தருகிறது. அது இல்லாமல் கோபக்காரக் கூட்டம் வெறும் தெருச்சண்டையோடு நின்றுவிடும். ஆகவே எழுதியவர்களுக்கும் மேடையில் பேசியவர்களுக்கும் முழுப் பொறுப்பு உண்டு. நான் சொல்வது வரிசையைப் பற்றி. பெரும்பாலோர் முதலில் ஆட்களிடம் போய்ச் சேருகிறார்கள், கொள்கையைப் பிறகு கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொண்ட பிறகு அதுதான் ஆரம்பத்திலிருந்தே காரணம் என்று அவர்களே நம்புகிறார்கள், நமக்கும் அப்படியே சொல்கிறார்கள்.

சமூக உளவியலாளர் ஆரி குரூக்லான்ஸ்கி மூன்று சங்கதிகளைச் சொல்வார். நான் ஒரு பொருட்டான ஆள் என்று உணர வேண்டும் என்கிற தவிப்பு. அதற்கு வன்முறைதான் வழி என்கிற கதை. அந்தக் கதையை மெச்சிக் கைதட்டுகிற கூட்டம். மூன்றும் சேர வேண்டும். தவிப்பு மட்டும் இருப்பவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள், அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை.

தனியாட்களைப் பற்றி. கிறைஸ்ட்சர்ச் கொலைகாரன் புறப்படும் முன் தான் பழகிய இணையக் களத்தில் அறிவித்துவிட்டுப் போனான். கொலையை நேரலையாகக் காட்டினான். பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. உடல் தனியாகப் போனது, அவ்வளவுதான். கூட்டம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

#8 அமுதம்

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'பொருட்டான ஆள்' என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் சித்தி மகனைப் பற்றிச் சொல்கிறேன். எந்த அமைப்பு, எந்தக் கொடி என்று கேட்காதீர்கள். இந்தப் பேச்சுக்கு அது தேவையும் இல்லை.

அவன் ஆசைப்பட்டது சீருடை வேலைக்கு. உடற்தகுதித் தேர்வில் கழித்துவிட்டார்கள். வீட்டில் அண்ணனோடு ஒப்பிட்டுப் பேசாத நாள் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் அவனுக்கு மூத்தவனாக இருந்த ஒருவனை உடற்பயிற்சிக்கூடத்தில் பார்த்தான். அந்த மூத்தவன்தான் இவனைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனான். முதல் மாதம் யாரும் எந்தக் கொள்கையும் பேசவில்லை. கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். 'நீ எழுதினால்தான் சரியாக இருக்கும்' என்றார்களாம். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, வந்தவர் பெயர் நீலத்தில், வராதவர் பெயர் சிவப்பில். அவனுடைய பள்ளி நோட்டுகள் முக்கால்வாசி வெறும் தாள். வீட்டில் யாரும் அவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை.

மாற்றம் பேச்சில் தெரிவதற்கு முன்பே வேறு இடத்தில் தெரிந்தது. பழைய நண்பர்களின் அழைப்பை எடுக்க மாட்டான். தங்கையின் கேலிக்குச் சிரிப்பதை நிறுத்தினான். அப்புறம்தான் அந்த வெறுப்புப் பேச்சு. சித்தப்பா ஒருநாள் அந்த நோட்டைக் கிழித்து எறிந்தார். அன்றிரவே வீட்டை விட்டுப் போய்விட்டான். நாங்கள் அவனோடு வாதாடிப் பார்த்தோம், வரலாறு சொன்னோம், அழுதோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வாதத்துக்கும் அவனிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. சித்தி மட்டும் ஒருநாளும் வாதாடவில்லை. வண்டிக்குக் காப்பீடு முடிகிறது, தங்கைக்குத் தேர்வு முடிவு வந்துவிட்டது, மாடியில் ஒழுகுகிறது என்று எதையாவது செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தார். அவன் பதில் போடாவிட்டாலும் அனுப்புவார்.

ஒரு வீட்டை அடித்து நொறுக்கிய வழக்கில் அவனுடைய கூட்டாளிகள் சிலர் சிறைக்குப் போனார்கள். அடிபட்ட ஒரு பையனின் சிகிச்சைக்கென்று திரட்டிய பணத்தைத் தலைவர்கள் விழுங்கிவிட்டது அவன் கையிலிருந்த கணக்கிலேயே தெரிந்துவிட்டது. கேட்டான். மிரட்டினார்கள். அவன் முதலில் அழைத்தது சித்தியைத்தான். வெளியே வந்து வெகுகாலம் வரை அந்த வெறுப்பு மிச்சமிருந்தது. அது கரைய நாளானது. முதலில் ஆட்களைவிட்டு வந்தான், பிறகுதான் கொள்கையைவிட்டான்.

#9 வெட்டவெளி

அமுதம், எழுதியதற்கு நன்றி அம்மா. எளிதாக இருந்திருக்காது.

#10 தெற்குக்காற்று

அமுதம் சொன்ன நோட்டைப் பற்றி வாசித்ததும் கிறிஸ்தியன் பிச்சியோலினி பலமுறை பொதுவில் சொல்லியிருக்கும் சம்பவம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் வெள்ளையின வெறிக் குழுவில் தலைமைப் பொறுப்புவரை போய் வெளியே வந்தவர். அவருக்கு 14 வயது. 1987. ஒரு சந்தில் நின்று கஞ்சா புகைத்துக்கொண்டிருக்கிறார். மொட்டையடித்த ஒருவர் காரிலிருந்து இறங்கிவந்து வாயிலிருந்ததைப் பிடுங்கினார். உன்னை அடங்கிக் கிடக்க வைக்க உன் எதிரிகள் விரும்புவது இதைத்தான் என்றார். அந்தச் சிறுவனுக்கு அரசியலே தெரியாது. பெரியவர் ஒருவர் தன்னை நிறுத்தி, தன்னைக் கவனித்துப் பேசினார் என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

வெளியே வருவதும் அதே மாதிரிதான் போல. ஜெர்மனியில் எக்ஸிட் டாய்ச்லாந்து என்று ஓர் அமைப்பு, 2000இல் முன்னாள் போலீஸ் அதிகாரி பெர்ந்த் வாக்னரும் ஹிட்லரின் நாஜிக் கொள்கையைத் தூக்கிப்பிடிக்கும் நவநாஜிகளின் முன்னாள் தலைவர் இங்கோ ஹாசல்பாக்கும் தொடங்கியது, இப்படிப்பட்டவர்கள் வெளியே வர உதவுவதற்காக. 2011இல் ஒரு நவநாஜி இசைவிழாவில் இலவச டி-சர்ட்டுகள் கொடுத்தார்கள். மண்டையோடும் கொடியும் போட்டவை. வாங்கியவர்கள் ஆசையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். துவைத்ததும் அந்தப் படம் போய்விட்டது. அடியில் வேறு எழுத்து: உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வலதுசாரித் தீவிரவாதத்திலிருந்து விடுபட நாங்கள் உதவுகிறோம். கூட்டத்தின் நடுவே இதைக் கொடுத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள். வீட்டில், பக்கத்தில் கூட்டாளி யாரும் இல்லாத நேரத்தில் படிக்க வைத்தார்களே, அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

#11 நடைபாதை

ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். மேல்வகுப்பில் ஒரு மாணவன். கொஞ்ச காலமாக ஒரு பிரிவினரைப் பற்றி 'அவர்களெல்லாம் சாக வேண்டியவர்கள்' என்று சாதாரணமாகச் சொல்கிறான். கைப்பேசியில் துப்பாக்கிப் படங்கள். மற்ற ஆசிரியர்கள் வகுப்பில் எல்லோர் முன்பும் கண்டிக்கச் சொல்கிறார்கள், அல்லது போலீசுக்குச் சொல்லச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

#12 பழையஏடு

ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ நாளையோ சொல்லிப் பேசினால், ஆயுதம் சேர்ப்பதாகத் தெரிந்தால், யோசிக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். அதில் தயவு தாட்சணியம் வேண்டாம்.

அந்தக் கட்டம் வரவில்லை என்றால் எல்லோர் முன்பும் கண்டிக்காதீர்கள். அவமானப்பட்டவனைக் கட்டியணைக்க அந்தப் பக்கம் ஆட்கள் தயாராக இருப்பார்கள். அவனுக்கு நம்பகமான ஒரே ஒரு பெரியவர் தனியாகப் பேசட்டும். கொள்கையை உடைக்கும் வாதம் முதலில் வேண்டாம். யாரோடு பழகுகிறாய், அங்கே உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டுக் காது கொடுங்கள்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் போலீசும் நகராட்சியும் சேர்ந்து செய்தது இதுதான். 2013இல் அந்த நகரத்திலிருந்து சுமார் 30 பேர் சிரியாவுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கும் போக நினைத்தவர்களுக்கும் வழிகாட்டியாக ஓர் ஆளை அமர்த்தினார்கள். படிப்பு, வேலை, வீடு என்று கூடவே நின்று உதவினார்கள். பெற்றோர்களை ஒன்றுசேர்த்தார்கள். அந்த இளைஞர்கள் பலர் போய்வந்த மசூதியோடும் உட்கார்ந்து பேசினார்கள். 2014இல் போனது ஒருவர்தான் என்று காவல்துறை சொன்னது. முழுப் புகழும் இந்தத் திட்டத்துக்கே போகாது, போர்க்களமும் அதற்குள் மாறியிருந்தது. ஆனாலும் மிரட்டலை மட்டும் நம்பிய இடங்களைவிட எனக்கு இது நம்பிக்கை தருகிறது.

#13 கூர்நோக்கு

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொலை செய்யப் போனவனுக்கு வேலையும் வீடும். கொல்லப்பட்டவர்களின் வீட்டுக்கு யார் போனார்கள்? இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

#14 பழையஏடு

கேட்க வேண்டிய கேள்விதான். குற்றம் செய்ததற்குச் சான்று இருந்தவர்களுக்கு ஆர்ஹுஸிலும் வழக்குதான், வழிகாட்டி இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பல நாடுகள் தாக்குதல் முடிந்த கொஞ்ச நாளிலேயே மறந்துவிடுகின்றன என்பதும் உண்மை. அதற்கு நானும் வெட்கப்படுகிறேன். ஆனால் இங்கே நடைபாதை கேட்டது இன்னும் யாரையும் தொடாத ஒரு மாணவனைப் பற்றி. அவனை நிறுத்தினால் கொல்லப்படுபவர்களின் வீடு ஒன்று குறையும். நீங்கள் கவலைப்படுகிற அதே மக்களுக்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

#15 அமுதம்

நடைபாதை, ஒன்று மட்டும். அவனுக்கு ஏதாவது ஒரு பொறுப்புக் கொடுங்கள். ஒப்புக்கு இல்லாமல், அவன் செய்யாவிட்டால் நின்றுபோகிற மாதிரி ஒரு பொறுப்பு.

#16 நடைபாதை

நன்றி. ஆய்வகத்தின் பொருள் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது. ஆனால் இப்போது இவனிடம் ஆய்வகச் சாவியைக் கொடுப்பது சரியில்லை என்று படுகிறது. விளையாட்டுப் போட்டிக்கு ஆட்ட அட்டவணை போடும் வேலை இருக்கிறது, எல்லா வகுப்பு மாணவர்களோடும் அவன் பேசியாக வேண்டும். அதைக் கொடுக்கலாம் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன். அவரை அவனுக்குப் பிடிக்கும்.

#17 பழையஏடு

நல்ல யோசனை. ஆசிரியர் கூட்டத்தில் இதை அறிவிக்க வேண்டாம். தலைமையாசிரியருக்கும் அந்த உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரிந்தால் போதும். பெற்றோரிடம் பேசும்போது புகாராகத் தொடங்காதீர்கள், இந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பதைச் சொல்லித் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று இங்கே எழுதுங்கள்.